மெயில் போகவில்லையா? பாஸ்வேர்டை மாற்றும் முன் போர்ட்டைப் பாருங்கள்

மெயில் போகவில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது பாஸ்வேர்டில்தான். அதை மாற்றியதும் போனில் இருக்கும் கணக்கு புதிய பாஸ்வேர்டைக் கேட்கும், டேப்லெட்டும் கேட்கும். இருந்த ஒரு பிரச்சினை மூன்றாகிவிடும். நான் சரிசெய்யப் போகிற இடங்களில் பாஸ்வேர்டில் பெரும்பாலும் ஒரு குறையும் இருப்பதில்லை. கணினிக்கும் மெயில் சர்வருக்கும் நடுவே ஏதோ ஒன்று போர்ட்டை, அதாவது சர்வருக்குள் போகும் எண்ணிட்ட வாசலை, அடைத்திருக்கும். அது ஆன்டிவைரஸாக இருக்கலாம், ரவுட்டராக இருக்கலாம், அலுவலக ஃபயர்வாலாக (எது போகலாம், எது வரலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பு) இருக்கலாம், இணைப்பு தரும் நிறுவனமாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

எதற்கும் முன்னால்: ஹாட்ஸ்பாட் சோதனை

மெயில் போகாத அதே கணினியை, அதே மெயில் செயலியோடு, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். நெட்வொர்க்கையும் அமைப்பையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. போனின் வைஃபையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சில போன்கள் வீட்டு வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகப் பகிரும், அப்போது சோதனைக்கே அர்த்தம் இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் போனால் குறை பழைய நெட்வொர்க்கில். போகாவிட்டால் கணினியில், செயலியின் அமைப்பில், அல்லது கணக்கில். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அனுப்பும் போர்ட் 25 என்று இருந்தால் மொபைல் நிறுவனமும் அதை அடைத்திருக்கக்கூடும், ஆகவே இரண்டிலும் போகாது. முதலில் அந்த எண்ணை மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

"பிரவுசரில் மெயில் திறக்கிறதே, அப்படியென்றால் நெட் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். பிரவுசர் 443 என்ற போர்ட் வழியாகப் போகிறது. அது திறந்தால் கணக்கும் பாஸ்வேர்டும் சரி என்று தெரிந்துகொள்ளலாம். மெயில் செயலி பயன்படுத்தும் போர்ட்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எந்த எண் எதற்கு

அனுப்புவதற்கு 587 அல்லது 465. பெறுவதற்கு ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) என்றால் 993, பாப் (கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் 995. அமைப்பில் 25, 143, 110 ஆகிய பழைய எண்களைப் பார்த்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

எண்ணோடு குறியாக்க வகையும் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறை) பொருந்த வேண்டும். 587-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ், அதாவது சாதாரணமாகப் பேசத் தொடங்கிப் பிறகு குறியாக்கத்துக்கு மாறுவது. 465, 993, 995 மூன்றுக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அதாவது தொடக்கத்திலிருந்தே குறியாக்கம். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் 465-ஐப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று விட்டால் என்ன நடக்கிறது பாருங்கள்: சர்வர் முதலில் பேசட்டும் என்று செயலி காத்திருக்கிறது, செயலி குறியாக்கத்தைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கிறது. இரண்டும் சும்மா நின்று கடைசியில் நேரம் முடிந்துவிடும். அடைபட்ட போர்ட்டும் வெளிப்பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். இணைப்பு நிறுவனத்தோடு மணிக்கணக்கில் சண்டை போட்ட பிறகு இந்த ஒரு தேர்வுப் பெட்டிதான் காரணம் என்று தெரிந்த வழக்குகள் நிறைய.

போர்ட்டைத் தட்டிப் பார்ப்பது

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு உங்கள் மெயில் நிறுவனத்தின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வர் பெயர், அடுத்து ஒரு ஹைபனோடு போர்ட் என்ற சொல், அப்புறம் 587. முடிவின் கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் போர்ட் திறந்திருக்கிறது. ஃபால்ஸ் என்றால் இல்லை. மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் என்சி கட்டளையை வி, இசட் என்ற இரண்டு விருப்பங்களோடு கொடுத்தால் இதே பதில் கிடைக்கும்.

நான் பெரும்பாலும் டெல்நெட்டைத்தான் பயன்படுத்துவேன். சர்வர் என்ன பேசுகிறது என்பதை அது அப்படியே காட்டும். விண்டோஸில் அது முதலிலேயே இயங்கும் நிலையில் இருக்காது. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்கள் பட்டியலில் டெல்நெட் கிளையன்ட்டை டிக் செய்ய வேண்டும். பிறகு டெல்நெட், சர்வர் பெயர், 587 என்று வரிசையாகத் தட்டுங்கள். வரக்கூடிய பதில்கள் இவை:

220 என்று தொடங்கி சர்வர் பெயரோடு ஒரு வரி வந்தால் போர்ட் திறந்திருக்கிறது. குறை வேறு எங்கோ.

நெடுநேரம் ஒன்றும் வராமல் கடைசியில் நேரம் முடிந்தால், நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) விழுங்குகிறது. விண்டோஸ் செயலிகளின் பிழைச் செய்தியில் 10060 என்ற எண் இருந்தால் அதுவும் இதுதான்.

தட்டிய உடனே "மறுக்கப்பட்டது" என்று வந்தால் (விண்டோஸில் 10061), எதிர்முனை பதில் சொல்லி மறுக்கிறது. சர்வர் பெயரோ எண்ணோ தவறாக இருக்கும், அல்லது வெளிப்படையாக மறுக்கும் ஃபயர்வால் இருக்கும். முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள்.

220-க்குப் பிறகு சர்வர் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளாக வந்தால் அது தனி நோய். கீழே அதற்கென்று ஒரு தலைப்பு இருக்கிறது.

465-இலும் 993-இலும் திரை வெறுமையாக நிற்கும். பயப்பட வேண்டாம், அங்கே குறியாக்கம் தொடங்காமல் சர்வர் பேசாது. வெறும் திரை வந்தாலே இணைப்பு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அறிகுறி: மெயில் வருகிறது, ஆனால் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். பிழைச் செய்தியில் எண் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள்.

535 என்று இருந்தால் போர்ட் திறந்துதான் இருக்கிறது. சர்வர் வரை போய், உள்நுழைவு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு சமயத்தில் பாஸ்வேர்டைப் பார்க்கலாம். ஜிமெயில் கணக்குக்குச் செயலியில் வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இது வரும். கூகிள் வழியே உள்நுழையும் செயலிக்கு மாறுங்கள், அல்லது ஆப் பாஸ்வேர்டு (செயலிக்கென்று கூகிள் தனியாகத் தரும் பாஸ்வேர்டு) எடுங்கள். 530 என்று வந்து ஸ்டார்ட்டிஎல்எஸ் பற்றிப் பேசினால் குறியாக்கம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 554 அல்லது 550 வந்து, அதோடு தடைப்பட்டியல் (ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் பட்டியல்) ஒன்றின் பெயரும் இருந்தால் உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் எண், பட்டியலில் ஏறியிருக்கிறது.

எண்ணே இல்லாமல் "சர்வரோடு இணைக்க முடியவில்லை" என்று மட்டும் இருந்தால் இந்த வரிசையில் போங்கள்.

அனுப்பும் போர்ட் 25 ஆக இருக்கிறதா? பழைய அவுட்லுக்கில் கைமுறையாகக் கணக்கு சேர்த்தால் அந்த எண் தானாகவே வந்து உட்காரும். 25 சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான போர்ட். பயனர்கள் மெயிலை ஒப்படைப்பதற்கென்று 587-ஐ 1998-லேயே ஒதுக்கிவிட்டார்கள். ஸ்பேமைத் தடுக்க வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைப்பது உலகம் முழுக்க வழக்கம். அதைத் திறந்துவிடச் சொல்லி இணைப்பு நிறுவனத்திடம் மல்லுக்கட்டாதீர்கள். 587 போட்டு, ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்து, "அனுப்பும் சர்வருக்கும் உள்நுழைவு தேவை" என்பதை டிக் செய்யுங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். அந்தக் கடைசி டிக்கை மறந்தால் அடுத்த கட்டமாக, ரிலே செய்ய (மெயிலை மேலே கடத்த) அனுமதி இல்லை என்று சர்வர் திருப்பி அனுப்பும்.

587 அடைபட்டிருக்கிறதா? தட்டிப் பாருங்கள். அடைபட்டிருந்தால் 465-ஐ முயலுங்கள், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்ஸோடு. ஜிமெயில் இரண்டையும் ஏற்கும். மைக்ரோசாஃப்ட் 365 அனுப்புவதற்கு 465-ஐ ஏற்பதில்லை, அங்கே 587-தான்.

ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறதா? மெயில் ஷீல்டு, மெயில் ஸ்கேன் என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும். அதை மட்டும் பத்து நிமிடம் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். போனால் அந்தப் பகுதியை மட்டும் நிரந்தரமாக அணைக்கலாம். இணைப்புக் கோப்பைத் திறக்கும்போது ஆன்டிவைரஸ் எப்படியும் பார்க்கும். முழு ஆன்டிவைரஸையும் எடுத்துவிடாதீர்கள். விண்டோஸின் சொந்த ஃபயர்வால் மேல் எல்லோரும் பழி போடுவார்கள். அது வெளியே போகும் இணைப்புகளை இயல்பாக அனுமதிக்கும். யாராவது தனியாக விதி எழுதாத வரை அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ரவுட்டரா? பெற்றோர் கட்டுப்பாடு, விருந்தினர் நெட்வொர்க், "பாதுகாப்பு நிலை: உயர்" போன்ற அமைப்புகளைப் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தால் முதன்மை வைஃபைக்கு மாறிச் சோதியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 587-உம் 465-உம் இரண்டுமே அந்த நெட்வொர்க்கில் மட்டும் நேரம் முடிகின்றன என்றால், இணைப்பு நிறுவனத்தை அழைக்க வேண்டிய இடம் இது. "மெயில் போகவில்லை" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "வெளியே போகும் டிசிபி 587 அடைபட்டிருக்கிறது, மொபைல் டேட்டாவில் அதே சர்வர் அதே போர்ட் திறக்கிறது" என்று சொல்லுங்கள். அழைப்பு சரியான ஆளிடம் போகும்.

நேற்றுவரை போனது, இன்று திடீரென்று நின்றது

யாரும் எதையும் மாற்றவில்லை என்றால் இதை இலேசாக விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கணினியோ கேமராவோ தீநிரலால் பிடிக்கப்பட்டு ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்ட இணைப்பு நிறுவனம் உங்கள் வரியில் மெயில் போர்ட்டை மூடியிருக்கலாம். ரவுட்டரின் இணைப்புப் பட்டியலைத் திறந்து, ஒரே சாதனம் வெவ்வேறு ஐபி முகவரிகளின் 25-ஆம் போர்ட்டுக்கு ஓயாமல் முயல்கிறதா என்று பாருங்கள். முயன்றால் அந்தச் சாதனத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு ஆளை அழையுங்கள். அதைச் சுத்தம் செய்யாமல் போர்ட்டைத் திறக்கச் சொன்னால் மறுபடி மூடுவார்கள், கூடவே தடைப்பட்டியலிலும் ஏறுவீர்கள்.

அறிகுறி: வீட்டில் போகிறது, வெளியில் வைஃபையில் போகவில்லை

பொது வைஃபை என்றால் முதலில் பிரவுசரைத் திறந்து உள்நுழைவுப் பக்கம் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒப்புக்கொள்ளும் வரை மெயில் செயலிக்கு வழி கிடையாது. ஒப்புக்கொண்ட பிறகும் போகவில்லை என்றால் அங்கே 80, 443 தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கலாம். 465-ஐ ஒருமுறை முயலுங்கள். இல்லையென்றால் பிரவுசர் வழியாக அனுப்புங்கள், அல்லது விபிஎன் (எல்லாவற்றையும் குறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போடுங்கள். ஒரு நாள் தங்கும் இடத்துக்காக அமைப்பைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

அலுவலகம் என்றால் விபிஎன்னோடு சுற்றிப் போகாதீர்கள். ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவரிடம் சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அவர் அதற்கு மட்டும் ஒரு விதி சேர்ப்பது சிறிய வேலை.

இதற்கு நேர் எதிரான வழக்கும் உண்டு: விபிஎன் போட்டால் போகாது, எடுத்தால் போகும். பல விபிஎன் சேவைகள் தாங்களே 25-ஐ அடைக்கின்றன. இங்கேயும் மருந்து 587-தான்.

அறிகுறி: செயலியில் வரவும் இல்லை, போகவும் இல்லை, பிரவுசரில் எல்லாம் சரி

ஒரே நேரத்தில் இரண்டும் நின்றால் போர்ட் அடைப்பைவிடக் கணினியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 143 அல்லது 110 இருந்தால் 993 அல்லது 995 ஆக்குங்கள். ஆன்டிவைரஸின் மெயில் பகுதியை அணைத்துப் பாருங்கள். பிரவுசரில் திறந்து பார்த்தது வேறு சாதனத்தில் என்றால், இந்தக் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். வருடக்கணக்கில் பின்தங்கியிருந்தால், சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் எந்தச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

முதல் முயற்சி நெடுநேரம் தொங்கி, பிறகு திடீரென்று இணைந்தால் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) பாதை உடைந்திருக்கலாம். நெட்வொர்க் அமைப்பில் அதைத் தற்காலிகமாக அணைத்து உறுதி செய்யுங்கள். உறுதியானால் இணைப்பு நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய குறை அது.

புது மெயில் தானாக வராமல், ரிஃப்ரெஷ் செய்தால் மட்டும் வருகிறதா? சும்மா இருக்கும் ஐமேப் இணைப்பை ரவுட்டர் பாதியில் வெட்டுகிறது. ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும்படி செயலியை அமையுங்கள், போதும்.

அறிகுறி: இணைகிறது, ஆனால் ஸ்டார்ட்டிஎல்எஸ் இல்லை என்கிறது, அல்லது சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது

டெல்நெட்டில் 220-க்குப் பிறகு நட்சத்திரங்கள் தெரிந்தனவா? நடுவில் இருக்கும் ஃபயர்வால் எஸ்எம்டிபி உரையாடலை ஆராய்ந்து, தனக்குப் பிடிக்காத சொற்களை மறைக்கிறது. சிஸ்கோவின் பிக்ஸ், ஏஎஸ்ஏ ஃபயர்வால்களில் இது பழைய கதை. இஎச்எல்ஓ (சர்வருக்கு வணக்கம் சொல்லும் கட்டளை) என்று தட்டி, சர்வர் தரும் 250 வரிகளைப் படியுங்கள். ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எழுத்துகளாக நிரம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பெட்டியில் எஸ்எம்டிபி ஆய்வை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 465 உதவும், அங்கே முதல் பைட்டிலிருந்தே குறியாக்கம் என்பதால் ஃபயர்வாலால் படிக்க முடியாது.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அதை வழங்கியது யார் என்று திறந்து படியுங்கள். ஆன்டிவைரஸ் பெயர் இருந்தால் மெயில் ஷீல்டு. அலுவலகத்தின் பெயர் இருந்தால் அலுவலக ஆய்வு. முன்பின் தெரியாத பெயர் பொது வைஃபையில் வந்தால் உடனே வெளியேறுங்கள். எந்த நிலையிலும் எச்சரிக்கையை நிறுத்துவதற்காகக் குறியாக்கத்தை "இல்லை" என்று மாற்றாதீர்கள். மாற்றினால் மெயில் போகக்கூடும். அதோடு பாஸ்வேர்டும், யார் வேண்டுமானாலும் படிக்கும் நிலையில் போகும்.

அறிகுறி: சின்ன மெயில் போகிறது, கோப்பு வைத்தால் பாதியில் நிற்கிறது

போர்ட் திறந்திருக்கிறது; அதைத் தேட வேண்டாம். முதலில் அளவு. கோப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகும், ஆகவே 25 எம்பி வரம்பு உள்ள சேவையில் 18 எம்பி கோப்பே விளிம்பில்தான் நிற்கும். 552 என்ற எண் வந்தால் இதுதான். சில எம்பி கோப்புக்கே நின்றால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். விண்டோஸில் பிங் கட்டளையை எஃப், எல் விருப்பங்களோடு 1472 அளவில் கொடுங்கள். போகாமல் 1464-க்குப் போனால் இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரோடு உள்நுழையும் இணைப்பு முறை) வழியாக வருகிறது. ரவுட்டரில் எம்டியு 1492 என்று வையுங்கள். விபிஎன்னில் மட்டும் நின்றால் 1400 வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்கேனரிலிருந்தோ கேமராவிலிருந்தோ மெயில் போகவில்லை

பிரிண்ட் ஆகிறது, கணினியிலிருந்து மெயிலும் போகிறது, ஸ்கேன் செய்து அனுப்பினால் மட்டும் பிழை. இங்கே எல்லோரும் தவறவிடும் ஒன்று: ஒரே நெட்வொர்க்குக்குள் பிரிண்ட் செய்ய பிரிண்டருக்கு கேட்வேயும் (வெளியே போகும் வழி, அதாவது ரவுட்டரின் முகவரி) வேண்டாம், டிஎன்எஸ்ஸும் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) வேண்டாம். ஐபி மட்டும் கைமுறையாகப் போட்டு மற்ற இரண்டையும் காலியாக விட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் பிரிண்ட் ஆகும். மெயில் மட்டும் ஒருநாளும் போகாது. அந்த இரண்டையும் நிரப்பிவிட்டுத்தான் போர்ட்டைத் தொடுங்கள்.

அப்புறம் 25-ஐ 587 ஆக்குங்கள், தேதியைச் சரிசெய்யுங்கள், அனுப்புநர் முகவரியும் உள்நுழையும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். பழைய சாதனம் டிஎல்எஸ் 1.2 பேசாது என்றால் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஒன்றே வழி. அதுவும் இல்லையென்றால் மெயிலை விட்டுவிட்டுப் பகிர்வுக் கோப்புறைக்கு ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஒரு வசதிக்காகப் புது சாதனம் வாங்குவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

அறிகுறி: இணையதளப் படிவத்திலிருந்து மெயில் வரவில்லை

தளம் கிளவுட் சர்வரில் இருந்தால் காரணம் அநேகமாக இதுதான். அமேசானின் கிளவுட் சர்வர் சேவையான இசி2 வெளியே போகும் 25-ஐ இயல்பாகக் கட்டுப்படுத்துகிறது. கூகிள் கிளவுடும் அதை அடைக்கிறது. டிஜிட்டல்ஓஷன் 25-ஓடு 465, 587 ஆகியவற்றையும் சேர்த்தே மூடுகிறது. சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்தே தட்டிப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியிலிருந்து தட்டினால் ஒன்றும் தெரியாது.

25 மட்டும் மூடியிருந்தால் தளத்தை 587 வழியாக ஒரு மெயில் சேவையில் உள்நுழைந்து அனுப்பும்படி அமையுங்கள். மூன்றும் மூடியிருந்தால் 2525 என்ற மாற்று போர்ட்டை ஏற்கும் சேவை வேண்டும். சென்ட்கிரிட், மெயில்கன் இரண்டும் ஏற்கின்றன. அமேசானின் மெயில் சேவையான எஸ்இஎஸ் 2587-ஐ வைத்திருக்கிறது. அல்லது அந்தச் சேவைகளின் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகப் பேசும் வழி) வழியாக 443-இலேயே அனுப்பலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், போர்ட் தலைவலியே இல்லை.

அறிகுறி: சொந்த மெயில் சர்வர், வெளியிலிருந்து மெயில் வருவதில்லை

இங்கே மட்டும் 25-க்கு மாற்று கிடையாது. வெளியுலக சர்வர்கள் அந்த ஒரு போர்ட்டில்தான் உங்களைத் தேடி வரும். வெளி நெட்வொர்க் ஒன்றிலிருந்து உங்கள் பொது ஐபியின் 25-ஐத் தட்டிப் பாருங்கள். தட்டுகிற அந்த இடத்திலேயே 25 அடைபட்டிருந்தால் சோதனை பொய் சொல்லும். முதலில் வேறொரு மெயில் சர்வரின் 25-ஐ அங்கிருந்து தட்டி, 220 வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

திறக்கவில்லை என்றால் சர்வரின் ஃபயர்வால், பிறகு ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் போர்ட்டை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பும் அமைப்பு), பிறகு ரவுட்டர் காட்டும் வெளி ஐபி என்ற வரிசையில் பாருங்கள். அந்த ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள்; ஃபார்வர்டிங் எத்தனை முறை அமைத்தாலும் வெளியிலிருந்து வழி திறக்காது. நிலையான பொது ஐபி உள்ள வணிக இணைப்பு எடுக்க வேண்டும், அல்லது சர்வரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டுமே செலவு பிடிக்கும் வேலை. முடிவெடுக்கும் முன் மெயில் சர்வர் நடத்திப் பழகிய ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதற்கிடையே வர வேண்டிய மெயில்கள் தொலைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். இணைக்க முடியாத சர்வர்கள் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்று எஸ்எம்டிபி தர ஆவணம் சொல்கிறது. எல்லா சர்வரும் அதன்படி நடப்பதில்லை, ஆகவே முக்கியமான மெயிலுக்குக் காத்திருந்தால் அனுப்பியவரிடம் வேறு முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.